பத்து மணிக்கு வீட்டில் இருப்பவர்கள்

இதய நோய் ஆராய்ச்சி என்றாலே எல்லோரும் ஃபிராமிங்ஹாமில் தொடங்குவார்கள். 1948-இல் அமெரிக்காவின் அந்தச் சிறிய ஊரில் 5,209 பேரைப் பதிவு செய்து, வருஷக்கணக்காகப் பின்தொடர்ந்து, ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், புகை என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார்கள். பயிற்சி வகுப்பில் எங்களுக்கும் அதைத்தான் முதலில் சொன்னார்கள். அந்த ஊர்க்காரர்கள் சொன்ன நாளில் சொன்ன நேரத்துக்குப் பரிசோதனைக்கு வந்தார்கள் என்பதை மட்டும் யாரும் அழுத்திச் சொல்லவில்லை. அது எவ்வளவு பெரிய வசதி என்று பழவேற்காட்டில் இறங்கி வேலை பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

நான் டாக்டர் இல்லை. கள மேற்பார்வையாளர். வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்புகிறவர்களைக் கூட்டிக்கொண்டு போவதும், அவர்கள் நிரப்பியது சரிதானா என்று பார்ப்பதும் என் வேலை. முப்பது வருஷத்துக்கு மேல் சென்னையிலும் அதைச் சுற்றியும் பல ஆய்வுகளில் இருந்திருக்கிறேன். அவற்றில் பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களுக்கு மட்டும் திரும்பத் திரும்பப் போக நேர்ந்தது.

எந்தக் கணக்கெடுப்புக் குழுவும் ஊருக்குள் நுழையும்போது மணி பத்தாகிவிடும். சென்னையிலிருந்து வேன் புறப்பட்டு, பொன்னேரியில் டிபன் முடித்து வந்து சேர அவ்வளவு நேரமாகும். பத்து மணிக்கு ஒரு மீனவர் வீட்டில் யார் இருப்பார்கள்? கடலுக்குப் போனவர் விடியும் முன்னே போயிருப்பார். திரும்பியிருந்தாலும் கரையில் ஏலத்தில் நிற்பார், இல்லையென்றால் வலை பிரித்துக்கொண்டிருப்பார். ஏரியில் தொழில் செய்பவர் தண்ணீர் ஏறி இறங்குவதைப் பார்த்துத்தான் போவார். அவருக்கு நம் கடிகாரம் கிடையாது. மீன் விற்கிற பெண்கள் கூடையோடு கிளம்பியிருப்பார்கள். மிச்சம் இருப்பது கைக்குழந்தைக்காரிகளும் வயதானவர்களும்தான். நாற்பது வயது ஆண் ஒருவர் அந்த நேரத்தில் திண்ணையில் உட்கார்ந்திருந்தால், பெரும்பாலும் அவருக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம்.

இது வெறும் சலிப்பு அல்ல, கணக்கையே புரட்டுகிற விஷயம். வீட்டில் இருக்கும் ஆண்களை மட்டும் அளந்தால், நோயாளிகளை வடிகட்டி எடுத்துக்கொண்டு ஊரே நோயாளி என்று எழுதுகிறோம். ஆண்களே கிடைக்கவில்லை என்று விட்டால், பெண்களின் கணக்கை ஊர்க்கணக்கு என்கிறோம். இதற்காகத்தான் பெரிய ஆய்வுகளில் ஒரு வீட்டில் யாரை அளப்பது என்பதைக் குலுக்கல் மாதிரி முன்பே முடிவு செய்துவிடுவார்கள். அவர் இல்லையென்றால் அவர் தம்பியை உட்கார வைக்கக் கூடாது. திரும்பத்தான் போக வேண்டும். காகிதத்தில் இது எளிது. களத்தில், மூன்றாவது தடவையும் ஆள் இல்லாத வீட்டுக்கு முன்னால் நிற்கும் பையனுக்கு, பக்கத்தில் சிரித்துக்கொண்டு நிற்கும் தம்பி கடவுள் அனுப்பிய ஆளாகத் தெரிவார். நான் என் குழுவை மாலை நான்கு மணிக்கு மேல் இறக்கத் தொடங்கினேன். வேன் வாடகையும் படியும் கூடுகிறதென்று அலுவலகத்தில் முணுமுணுத்தார்கள். ஆண்கள் கிடைத்தார்கள்.

ஆனால் மாலையில் சாப்பிடாத ரத்தம் கிடைக்காது. சர்க்கரை பார்க்க எட்டு மணி நேரமாவது வெறும் வயிறு வேண்டும். விடிகாலை மூன்று மணிக்குக் கரைக்குப் போகிறவர் முதலில் செய்வது டீக்கடையில் ஒரு டீ குடிப்பது. ‘அண்ணே, நாளைக்கு மட்டும் டீ குடிக்காம இருங்கண்ணே’ என்று கேட்டால், ‘நீ வந்து வலை இழுக்கறியாம்மா?’ என்பார்கள். நியாயம்தானே. கடைசியில் அவர்கள் கரைக்கு வருமுன் நாங்கள் கரையில் இருந்தோம். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் ரத்தம் எடுத்து, கையோடு டீக்குக் காசும் கொடுத்தோம். ஒப்புதல் படிவத்தை முந்தின நாள் மாலையே படித்துக் காட்டி வாங்கியிருப்போம்; அரைத்தூக்கத்தில் கைநாட்டு வாங்குவது ஒப்புதல் ஆகாது.

எடுத்த ரத்தம் அடுத்த தலைவலி. சர்க்கரைக்கான குழாய்க்குச் சாம்பல் நிற மூடி. உள்ளே ஃப்ளோரைடு இருக்கும். ரத்தத்தில் உள்ள அணுக்கள் குழாய்க்குள்ளும் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும், மணிக்கு நூற்றுக்கு ஐந்து முதல் ஏழு வரை. ஃப்ளோரைடு அதை நிறுத்தும் என்பார்கள். முதல் ஒரு மணி நேரத்துக்கு அதுவும் முழுசாக நிறுத்தாது. பசியாவரம், இடமணி பக்கமெல்லாம் அப்போது படகில்தான் போய் வர வேண்டும். படகு, பிறகு வேன், பிறகு மெஷினில் சுற்றிப் பிரிப்பது என்று இரண்டு மணி நேரம் போனால், 130 இருந்தவர் 126-க்குக் கீழே வந்துவிடலாம். 1997-இல் அமெரிக்கச் சர்க்கரை நோய்ச் சங்கம் வெறும் வயிற்று எல்லையை 140-இலிருந்து 126-க்கு இறக்கியது. இரண்டு வருஷத்தில் உலக சுகாதார நிறுவனமும் அதை ஏற்றது. அந்த எல்லைக்கோட்டில் நிற்கிற ஆளை, படகுக்காரர் தாமதமாக வந்தது நலமானவராக்கிவிடும். சாலையோர ஊரில் சர்க்கரை அதிகம், தீவில் குறைவு என்று யாராவது வரைபடம் போட்டுக் காட்டினால், முதலில் நான் படகு நேரத்தைத்தான் கேட்பேன். இதற்கு மருந்து அங்கேயே இருந்தது. மீன் பெட்டிக்கு அடிக்கிற ஐஸ். ஐஸ் கம்பெனியில் உடைத்து வாங்கித் தெர்மோகோல் பெட்டியில் நிரப்பிக் குழாய்களை உடனே புதைத்துவிடுவோம். பிற்பாடு கையடக்க மெஷினையே படகில் கொண்டுபோனோம். ‘எங்க இறாலுக்கும் இதே ஐஸுதான்மா’ என்று ஒருவர் சொன்னார்.

ரத்த அழுத்தத்தில் வேறு விதமான நுணுக்கங்கள். ஐந்து நிமிஷம் உட்கார வைக்க வேண்டும், அரை மணி நேரத்துக்குள் பீடி பிடித்திருக்கக் கூடாது, மூன்று தடவை பார்த்து முதலாவதை விட்டுவிட வேண்டும். அதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. துடுப்புப் போட்டு, வலை இழுத்துத் திரண்ட கைக்குச் சாதாரணப் பட்டை போதாது என்பது களத்தில்தான் உறைக்கும். மேல்கைச் சுற்றளவு 32 சென்டிமீட்டரைத் தாண்டினால் பெரிய பட்டை கட்ட வேண்டும். சின்னதைக் கட்டினால் அழுத்தம் கூடுதலாகக் காட்டும். ஊரிலேயே திடமான ஆளை நோயாளி ஆக்கிவிடுவோம். எடை மெஷினை மணல் தரையில் வைத்தால் அது ஒன்று சொல்லும், சிமென்டுத் தரையில் வேறொன்று சொல்லும். அதனால் ஒரு சதுரப் பலகை எப்போதும் எங்கள் வேனில் இருக்கும். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்று எல்லை வைத்திருக்கிறார்கள்; புடவைக் கொசுவத்தின் மேல் டேப் பிடித்தால் எந்தப் பெண்ணும் 80-க்குள் நிற்க மாட்டாள். உள்ளறைக்குக் கூட்டிப்போய் அளக்க ஒரு பெண் வேண்டும். பல ஆய்வுகளில் எனக்கு வேலை கிடைத்ததற்கே அது ஒரு காரணம்.

பொய் எழுதுகிறவர்களைக் கண்டுபிடிப்பது தனி வித்தை. பாதரசக் கருவி இருந்த காலத்தில் வெயிலில் சோர்ந்த பையன்கள் வீட்டுக்குப் போகாமலே எழுதிவிடுவார்கள். கை தானாக 120/80 என்று எழுதும். அடுத்தது 130/80. நிஜமான அளவுகளில் கடைசி இலக்கம் பூஜ்யம், இரண்டு, நான்கு, ஆறு, எட்டு என்று ஏறத்தாழச் சமமாக வரும். ஒருவர் தாளில் பூஜ்யமே அடுக்கடுக்காக வந்தால், மறுநாள் அந்த வீடுகளில் பத்தில் ஒன்றுக்கு நானே போவேன். ‘நேத்து ஒரு தம்பி வந்து கையில பட்டை கட்டினாரா ஆயா?’ என்று கேட்டால் உண்மை வந்துவிடும். டிஜிட்டல் மெஷின் வந்ததும் இந்தக் கள்ளம் குறைந்தது. ஒழிந்தது என்று சொல்ல மாட்டேன். மெஷினைத் தன் கையிலேயே கட்டிக்கொள்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

சாப்பாட்டுக் கேள்விகள்தான் எனக்குப் பிடித்த பகுதி. அங்கேதான் ஆராய்ச்சியாளர்களின் கற்பனை கரையில் வந்து மோதும். 1970-களில் பாங், டையர்பெர்க் என்ற இரண்டு டென்மார்க் ஆய்வாளர்கள் கிரீன்லாந்து எஸ்கிமோக்களைப் பார்த்துவிட்டு, கடல் உணவின் கொழுப்பு இதயத்தைக் காக்கிறது என்ற கருத்தைக் கிளப்பினார்கள். அதைப் படித்துவிட்டு வருகிற இளம் டாக்டர்களுக்கு மீனவர் கிராமம் என்றால் மூன்று வேளையும் மீன். ஆனால் நல்ல இறால் ஏஜென்டுக்குப் போகிறது. உயிர் நண்டு கட்டுப்போட்டு சிங்கப்பூர் வரை போகிறது. மடவை பெருசாக விழுந்தால் அதுவும் விலைக்கு. வீட்டுச் சட்டிக்கு வருவது விற்காத பொடி மீனும், மழைக்காலத்தில் கருவாடும். தட்டில் மலையாக இருப்பது வெள்ளைச் சோறு. 2006-இல் கிலோ இரண்டு ரூபாய், 2008-இல் ஒரு ரூபாய், 2011-இலிருந்து இலவசம் என்று ரேஷன் அரிசி வந்ததில் இந்தக் குப்பங்களில் பசி ஓடிப்போனது. அதைக் குறைசொல்ல என் வாய் வராது. ஆனால் சோற்றின் அளவு அப்படியே இருக்க, அதை எரிக்கிற உழைப்பு குறைந்தது. 2007-இலிருந்து ரேஷனில் பாமாயிலும் கிடைத்தது. குழம்பாக வெந்த மீன் வறுவலாக மாறியதை நான் வருஷா வருஷம் பார்த்தேன். அந்த எண்ணெயில் ஏறத்தாழப் பாதி நிறைவுற்ற கொழுப்பு. ‘வாரத்தில் எத்தனை முறை மீன்?’ என்று கேட்கிற படிவம் எதில் வெந்தது என்று கேட்பதில்லை.

உப்பும் அப்படித்தான். சென்னையில் நடந்த ‘க்யூர்ஸ்’ ஆய்வு 2001-இல் தொடங்கி 26,001 பேரைக் கணக்கெடுத்தது. அதில் ஒரு பகுதியாக, நகரத்தார் நாளொன்றுக்குச் சராசரி 8.5 கிராம் உப்பு சாப்பிடுகிறார்கள் என்று எழுதினார்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு 5 கிராம். கருவாடு சமைக்கிற வீட்டில் இதை எப்படிக் கேட்பது? ஒருத்தி மூன்று தண்ணீர் விட்டுக் கழுவுவாள், இன்னொருத்தி அலசிப் போடுவாள். சரியாக அளக்க வேண்டுமானால் இருபத்து நான்கு மணி நேரச் சிறுநீரைக் கேனில் பிடித்துத் தர வேண்டும். கேனைப் பார்த்துவிட்டுக் கரையில் எழுந்த சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமாயிற்று. படகில் நாலு பேருக்கு நடுவே அதைப் பிடிக்க யார் சம்மதிப்பார்? கேன்கள் திரும்பி வந்தன, சிலவற்றில் டீசல் வாசனையோடு.

உழைப்பைக் கேட்கிற கேள்வி, ‘ஒரு சாதாரண வாரத்தில்’ என்று தொடங்கும். பழவேற்காட்டில் சாதாரண வாரம் என்று ஒன்று இல்லை. ஏரியில் பாடு முறை உண்டு. எந்த இடத்தில் யார் எந்த நாள் வலை போடுவது என்று முறைவைத்துப் பிரித்துக்கொள்வார்கள். முறை வந்தால் ராத்திரி பகலாக உழைப்பு, வராத நாளில் சும்மா. முகத்துவாரம் மணல் மூடிவிட்டால் கடலுக்குப் படகு போக முடியாமல் வாரக்கணக்கில் முடக்கம். புயல் எச்சரிக்கை வந்தால் மறுபடி முடக்கம். எந்த மாதம் போய்க் கேட்கிறோமோ அந்த மாதத்துக்கான உழைப்புதான் படிவத்தில் ஏறும்.

2004 டிசம்பர் 26-க்குப் பிறகு எல்லாமே வேறாகிவிட்டது. சுனாமி நிவாரணத்தில் ஃபைபர் படகும் எஞ்சினும் வந்தன. அதற்கு முன்பே மாற்றம் தொடங்கியிருந்தது, ஆனால் அந்த ஒன்றிரண்டு வருஷத்தில் கட்டுமரம் ஏறத்தாழக் காணாமல் போனது. துடுப்புப் போட்ட தோள்கள் எஞ்சின் கைப்பிடியைத் திருப்பின. இதைக் குறையாகச் சொல்லப் பட்டணத்துக்காரிக்கு உரிமை இல்லை. கட்டுமரத்தில் போய் வருவதன் வேதனை போகிறவருக்குத்தான் தெரியும். ஆனால் முன்பு முப்பத்தைந்து வயதில் அளந்த ஆளை நாற்பத்தைந்தில் அளந்தபோது, டேப்பை இன்னும் கொஞ்சம் இழுக்க வேண்டியிருந்தது. அதே வருஷங்களில் எல்லா அமைப்புகளும் படிவத்தோடு அந்த ஊர்களில் இறங்கின. யார் எதற்காக எழுதுகிறார்கள் என்றே தெரியாமல் மக்கள் பதில் சொல்லிச் சொல்லி ஓய்ந்தார்கள். ‘இன்னாம்மா, மறுபடியும் கணக்கா? போன தடவ எழுதிக்கினு போனவங்க ஒரு கொடம் கூடக் குடுக்கல’ என்று ஒரு பாட்டி கதவைச் சாத்தினார். நிவாரணம் கிடைக்கும் என்று நினைத்து வீட்டில் இல்லாத நோயைச் சொன்னவர்களும் உண்டு. அந்தக் காலத்துத் தரவு எதையும் நான் இரண்டு தடவை யோசித்துத்தான் நம்புவேன்.

புகை, குடி பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ‘புகைப்பீர்களா’ என்று கேட்டால் பெண்கள் எல்லோரும் இல்லை என்பார்கள், வாயில் வெற்றிலையோடு புகையிலை இருக்கும். குடியைப் பற்றி மனைவி பக்கத்தில் இருக்கும்போது கேட்கக் கூடாது. கேட்டால் பதிலை மனைவிதான் சொல்வார். அளவோடு குடித்தால் இதயத்துக்கு நல்லது என்று படித்தவர்கள் சொல்லிக்கொள்வது உண்டு. 52 நாடுகளில் நடந்த ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வில் தெற்காசியர்களிடம் அந்த நன்மை தென்படவில்லை. அதே ஆய்வுதான் நம் பகுதியில் முதல் மாரடைப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ ஆறு வருஷம் முன்னதாக, ஐம்பத்து மூன்று வயதை ஒட்டி வருகிறது என்றும் சொன்னது. குப்பத்தில் இதை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஐம்பதில் போனவர்களின் படம் மாலையோடு பல வீடுகளில் தொங்குகிறது.

அந்தப் படங்களுக்குக் கீழே உட்கார்ந்து கேட்பதுதான் எங்கள் தொழிலிலேயே கடினமான வேலை. சான்றிதழில் காரணம் எழுதப்படாத மரணங்களுக்கு, குடும்பத்தாரிடம் கேட்டு என்ன நோயில் போனார் என்று கணிப்பார்கள். சென்னையில் டாக்டர் வேந்தன் கஜலட்சுமியும் குழுவினரும் இப்படித்தான் தமிழ்நாட்டில் பல்லாயிரம் சாவுகளை விசாரித்தார்கள். 43,000 ஆண்களின் மரணங்களை வைத்துப் புகைப்பழக்கத்தின் பங்கைச் சொன்ன கட்டுரை 2003-இல் லான்செட்டில் வந்தது. பக்கத்து ஆந்திராவில் கோதாவரிப் பகுதியின் 45 கிராமங்களில் 2003, 2004-இல் இதே முறையில் பார்த்தபோது, மூன்றில் ஒரு பங்குச் சாவு இதயமும் ரத்தக்குழாயும் சம்பந்தப்பட்டது என்று தெரிந்தது. கிராமத்தில் காய்ச்சலும் பேதியும்தான் கொல்லும் என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தோம்.

ஆனால் எங்கள் கரையில் ‘ஹார்ட் அட்டாக்’ என்பது சட்டென்று போன எல்லாச் சாவுக்கும் பொதுப்பெயர். அதை அப்படியே எழுதக் கூடாது. வேர்த்ததா, வலி எங்கே பரவியது, எவ்வளவு நேரம், முன்பு நடக்கும்போது வந்ததா என்று மெல்ல மெல்லக் கேட்க வேண்டும். ஒரு பெண் சொன்னார்: ‘மூணு நாளா வாயுவு வாயுவுன்னு சோடா வாங்கிக் குடிச்சிக்கினு இருந்தாரு. நாலாவது நாள் தொழிலுக்குப் போயிட்டாரு.’ இதைக் கேட்டதும் எனக்குப் பதில் தெரிந்துவிட்டது. தெரிந்ததை முகத்தில் காட்டக் கூடாது. மூன்று நாள் கூடவே இருந்தவர் அவர்.

கடலில் நடந்த சாவு இன்னும் சிக்கல். படகிலிருந்து விழுந்தவர் மூழ்கினாரா, நெஞ்சு அடைத்து விழுந்தாரா? ஊர் ‘தவறி விழுந்தார்’ என்று சொல்லும். விபத்து என்றால் குடும்பத்துக்குக் காப்பீடு உண்டு, மாரடைப்பு என்றால் இல்லை. கூடப்போன கூட்டாளியிடம் தனியாகப் பேசினால், ‘எஞ்சினப் புடிச்சிக்கினு இருந்தவரு அப்டியே சாஞ்சாரு’ என்பார். ஆய்வுப் படிவம் ரகசியம். அதில் கூட்டாளி சொன்னதைத்தான் எழுதினோம். வெளியில் அதை யாரிடமும் பேசியதில்லை. மீனவர் சாவில் மூழ்கியவர் எத்தனை பேர் என்று கணக்குப் பார்க்கும்போதெல்லாம் அந்த வாக்கியம் என் காதில் விழும்.

அளந்து முடித்ததும் அவர்கள் கேட்பது ஒரே கேள்வி: ‘இருக்குன்னு சொல்லிட்ட, இன்னா பண்றது?’ தொண்ணூறுகளில் இதற்கு என்னிடம் பதில் இல்லை. பொன்னேரிக்குப் போங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுப்போம். ஒரு நாள் தொழில் போகும், சில நாள் மாத்திரை கிடைக்கும், அதோடு சரி. 2007-இல் விருதுநகர், சிவகங்கை மாவட்டங்களில் முன்னோட்டமாகத் தொடங்கி, பிறகு ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே மாதம் முழுக்க மாத்திரை கிடைக்கத் தொடங்கியபோதுதான் சீட்டு எழுத எனக்குத் தைரியம் வந்தது. 2020-இல் மாநிலம் முழுக்க எடுத்த கணக்கில், ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கும், சர்க்கரை உள்ளவர்களில் 10.8 சதவீதம் பேருக்கும்தான் அது கட்டுக்குள் இருந்தது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில், மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கியது. அடுத்த சுற்றுக் கணக்கில் இரண்டும் 17 சதவீதத்தை ஒட்டி வந்தன. போதாதுதான். ஆனாலும் எனக்கு ஆச்சரியம் இல்லை. மாத்திரை கொண்டுவருகிற பெண் அந்த வட்டாரத்துக்காரி, எந்த ஆள் எப்போது கரை ஏறுவார் என்று அவளுக்குத் தெரியும். 2023-இலிருந்து நெஞ்சுவலி என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் ஆஸ்பிரினும் கூட இரண்டு மருந்தும் கையோடு கொடுத்துத்தான் மேலே அனுப்புகிறார்கள். சோடா குடித்தவர் இருந்திருந்தால் என்று நினைக்கத்தான் செய்கிறேன்.

மாத்திரை வீட்டுக்கு வந்தாலும் வாய்க்குப் போவது வேறு கதை. அழுத்தத்துக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளால் சிறுநீர் அடிக்கடி போகும். ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் இறால் தடவிப் பிடிக்கும் பெண்கள் அந்த நாளில் அதைப் போடுவதில்லை. ஆண்கள், தலை சுற்றினால் படகில் நிற்க முடியாது என்று விட்டுவிடுவார்கள். எங்கள் படிவத்தில், ‘கடந்த இரண்டு வாரத்தில் மாத்திரை சாப்பிட்டீர்களா?’ என்று கேள்வி. ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். ‘கரையில இருந்த நாள்ல சாப்ட்டேன்’ என்பார்கள். காகிதப் படிவம் இருந்தபோது ஆம் என்று டிக் அடித்துவிட்டு ஓரத்தில் அந்தப் பதிலை எழுதச் சொல்வேன். இப்போது எல்லாம் டேப்லெட்டில். அதில் எழுத ஓரம் கிடையாது, இரண்டில் ஒன்றைத் தொட்டால்தான் அடுத்த கேள்விக்கே போகும். பையன்களிடம் நாற்பது பக்க நோட்டு ஒன்று தனியாக வாங்கிக் கொடுத்திருக்கிறேன். போன ஆய்வில் புள்ளிவிவரம் பார்க்கிற பெண் ஒருத்தி, ஆம் என்றவர்களுக்கும் அழுத்தம் ஏன் இறங்கவில்லை என்று கேட்டு வந்தாள். நோட்டுகளை அவளிடம் கொடுத்தேன். இரண்டு நாள் உட்கார்ந்து படித்துவிட்டு, அடுத்த படிவத்தில் மூன்றாவதாக ஒரு கட்டம் போட முடியுமா என்று குழுவில் கேட்டிருக்கிறாள். பதில் இன்னும் வரவில்லை.